எழுத்தோடு டூ

ம்ம்ம்ம் என்று ஒரே சுதியில் கேட்கிறது. ஏறவில்லை, இறங்கவில்லை. கண்ணைத் திறக்காமலே தெரிகிறது, தன்ஷிகாதான். தொண்டைவரை வந்துவிட்ட சொல்லை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ள என் மகளுக்கு இந்த ஒரு வழிதான் தெரியும். ஓடுகிற குழாயைக் கட்டைவிரலால் அடைத்தால் குழாய் உள்ளுக்குள் அதிருமே, அந்த மாதிரி. கண்ணைத் திறந்தேன். எதிரே மஞ்சள் சுவர், மூடிய கதவு, மடியில் டிபன் பாக்ஸ், அதன் மூடியில் பாதி நார் எடுத்த கமலா ஆரஞ்சு. ஒரு சுளையை விரலிடுக்கில் பிடித்தபடியே பெஞ்சில் தூங்கியிருக்கிறேன். கூச்சமாக இருந்தது. பள்ளிக்கூட வராந்தாவில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிற தகப்பன். யாராவது பார்த்திருப்பார்களா? ராத்திரி முழுக்கப் பத்திரிகை அச்சாகிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, விடிந்ததும் வீட்டுக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, குழந்தையைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தவன் தூங்காமல் என்ன செய்வான் என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொள்கிறேன். மெஷின் நின்று வெகுநேரமாகியும் காதுக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. வருஷக்கணக்காக அப்படித்தான். என் காதுக்குள் ஓடுவதும் கதவுக்கு உள்ளே ஓடுவதும் ஏறக்குறைய ஒரே சுதி. வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே. சுளையைப் பார். சுளைமேல் ஒரு வெள்ளை நார் இருந்தாலும் அவள் வாயில் வைக்க மாட்டாள். ‘இதில் கயிறு உள்ளது’ என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். நகத்தால் கிளப்பி இழுத்தால் சில நார் முழுசாக வரும், சில பாதியில் அறுந்து சுளையோடு ஒட்டிக்கொள்ளும். அவள் முனகுவது நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். முனகுகிறாள் என்றால் படிக்கவில்லை என்று அர்த்தம். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள். அப்படியே இரு, தங்கம். இன்னும் கொஞ்ச நேரம்.

இந்த ஊரில் நாங்கள் ஏறாத பள்ளிக்கூடம் இல்லை. எல்லாருடைய பிள்ளைகளும் போகிற பள்ளிக்கூடத்துக்கு முதலில் போனோம். தன்ஷிகா சுவரில் இருந்த அத்தனையையும் படித்தாள், தமிழ், இங்கிலீஷ், எங்கே கற்றாளோ, மூலையில் ஒட்டியிருந்த மலையாள நோட்டீசையும் சேர்த்து. அங்கிருந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு ஆச்சரியப்பட்டார். அப்போது பெல் அடித்தது. குழந்தை மேசைக்கு அடியில் போய்ச் சுருண்டு, காதைப் பொத்தி, முதலில் முனகி, பிறகு கத்தி, ஒன்பது வயசுப் பெண் அங்கேயே தரையை நனைத்துவிட்டாள். “ரொம்ப பிரில்லியண்ட்டுங்க. ஆனா மத்த பேரண்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க. இவளுக்குன்னு ஸ்பெஷல் ஸ்கூல் இருக்கும், பாருங்க” என்றார். பார்த்தோம். ஸ்பெஷல் ஸ்கூலில் பெல் இல்லை, எல்லாம் மெதுவாக நடந்தது, எனக்கே அங்கே படுத்துத் தூங்கலாம்போல இருந்தது. ஆனால் தன்ஷிகா தீயணைக்கும் சிலிண்டரில் எழுதியிருந்ததை மூச்சு விடாமல் படித்தாள். பிறகு மேசைமேல் அங்கிருந்த ஹெட்மாஸ்டர் சாரை நோக்கி விரித்திருந்த பத்திரிகையை எதிர்ப்பக்கம் நின்று தலைகீழாகவே படித்தாள். “இவ்வளவு படிக்கிற குழந்தைய இங்க எதுக்குங்க கொண்டாறீங்க? இங்க இருக்கறதுக ஸ்பூன் பிடிக்கவே வருஷமாகுது. கஷ்டப்படற புள்ளை எடத்தப் புடுங்கலாமுங்களா?” என்றார் அவர். புடுங்கலாமா என்று என்னைக் கேட்டால்? பென்சிலைக் கொடுத்தால் இவள் கை ஜுரம் வந்த கைபோல நடுங்குகிறது, சட்டைப் பட்டனுக்கு இன்னும் அம்மா வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். ஒரு இடத்தில் அவள் கூடுதல், இன்னொரு இடத்தில் குறைச்சல். அதற்குப் பிறகுதான் நானும் என் மனைவி கோகிலாவும் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டோம். பெண் பார்க்க வருகிறவர்களிடம் வீட்டுக்காரர்கள் குறையை மறைப்பார்களே, அந்த மாதிரி. சாதாரணப் பள்ளிக்கூடம் என்றால் காதில் பஞ்சு வைத்து, முடியை இழுத்துவிட்டு மூடி, பெல் அடிக்காத வேளையாகப் பார்த்துக் கூட்டிப்போவது. ஸ்பெஷல் ஸ்கூல் என்றால் படிப்பை மறைப்பது. பயத்தைப் பஞ்சு வைத்து மறைக்கலாம். படிப்பை எதை வைத்து மறைப்பது?

அதற்கு நான்தான் வழி கண்டுபிடித்தேன். பஸ்ஸில் ஏறும்போதே சொன்னேன், “அம்முணி, இன்னிக்கு நாம எழுத்தோட டூ.” எதற்காக என்று கேட்டாள். அவள் பேசுவதே பத்திரிகைத் தமிழ்தான், சாப்பிடும்போது தரையில் விரிக்க நான் கொண்டுவருகிற கழிவுத் தாளிலிருந்து வந்த பேச்சு. குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு, ‘அப்பகுதியில் பரபரப்பு நிலவியது’ என்பாள். கோகிலா சிரிப்பாள், நானும் சிரிப்பேன், அவள் சிரிக்க மாட்டாள், அவளுக்கு அது உண்மை நிலவரம். நான் சொன்னேன், “சும்மா ஒரு நாளைக்கு. அந்த மேடம் முன்னாடி ஒரு எழுத்தையும் படிக்கக் கூடாது. எழுத்து உன்னையப் பாத்துச் சிரிச்சாலும் நீ பேசக் கூடாது.” “எழுத்து என்ன தவறு செய்தது?” என்றாள். பஸ் ஒரு வளைவில் திரும்பியது, நான் கம்பியைப் பிடிப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். “அப்பா சொன்னாக் கேக்கோணும்.” அவள் சுண்டு விரலை நீட்டினாள். என்னிடம் இல்லை, ஜன்னலுக்கு வெளியே. அங்கே வந்த முதல் கடைப் பலகைக்கு டூ. அடுத்த பலகைக்கு டூ. தூணுக்குத் தூண் ஒட்டியிருந்த நோட்டீசுக்கெல்லாம் டூ. வழி நெடுக ஒன்றைக்கூட விடவில்லை. முன்சீட்டில் இருந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்து, “பாப்பா யாருக்குங்க டூ விடுது? புருசங்கிட்டக் கோவிச்சுக்கிட்டவளாட்டம் மொகத்த வெச்சுக்கிட்டு!” என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். மற்ற குழந்தைகளுக்கு டூ என்றால் சாயங்காலம் வரை. இவளுக்கு அப்படி இல்லை. எதிர்வீட்டுப் பையன் ஒரு பம்பரச் சண்டையில் டூ விட்டுவிட்டு, பழம் விடாமலே குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டான். இன்றைக்கும் அந்த வீட்டு வாசலைத் தாண்டும்போது இவள் தலையைக் குனிந்துகொண்டுதான் போகிறாள். இது தெரிந்தேதான் சொன்னேன். தெரிந்ததால்தான் சொன்னேன்.

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. கோகிலா. தையல் கம்பெனியில் டீ இடைவேளை, பின்னால் மெஷின்கள் நின்ற அமைதியும் பெண்கள் பேச்சும் கேட்டன. “ஏங்க, உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களா?” “போயி நேரமாச்சு. கதவு சாத்தியிருக்குது. ஒண்ணும் கவலப்படாத, ஒரு எழுத்துப் படிக்கல. டூ விட்டுத்தான் கூட்டிட்டு வந்தேன்.” “என்ன விட்டீங்க?” “டூ. எழுத்தோட.” “அட என்ற மாகாளி! ஏனுங்க, காலைல உங்ககிட்ட என்னங்க சொன்னன்? இந்த ஸ்கூல்ல எதையும் மறைக்க வேண்டாம்னு சொன்னனா இல்லையா? நம்ம புள்ளையாட்டம் இருக்கறவங்களுக்குன்னே அந்தம்மா நடத்தறதுங்க. படிப்பும் இருக்கோணும், இந்தச் சிரமமும் இருக்கோணும், ரெண்டும் இருந்தாத்தான் எடுப்பாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனே!” “எப்பச் சொன்ன?” “நீங்க டீ குடிக்கறப்ப. தலைய ஆட்டுனீங்கல்லோ?” “நான் எல்லாத்துக்கும்தான் ஆட்டுவேன்.” “அது தெரியுமுங்க. என்னயக் கட்டிக்கச் சம்மதமான்னு கேட்டப்பவும் அப்பிடித்தான் ஆட்டியிருப்பீங்க.” யாரோ பக்கத்தில் சிரித்தார்கள், அவளும் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் குரல் உடைந்தது. “ஒரே ஒரு எடந்தானுங்க காலியா இருக்குதாம். எனக்கு மூணு மாசமா ராத்திரி தூக்கமில்ல, இந்த ஒரு எடத்த நெனச்சு. போயிச் சொல்லுங்க.” “என்னன்னு சொல்றது? புள்ளைக்கு எழுத்தே தெரியாதுன்னு அந்த மேடத்துகிட்ட நான் வாயத் தொறந்து சொல்லிட்டேன்.” “அதே வாயில மாத்திச் சொல்லுங்க. வெக்கறன், சூப்பர்வைசர் பாக்கறான்.”

மாற்றிச் சொல்வது. சொல்லிவிடலாம், ஒரு வாக்கியம்தானே. மேடம், என் மகளுக்குப் படிக்கத் தெரியும். அடுத்து அவர் என்ன கேட்பார்? பின்னே ஏன் தெரியாது என்றீர்கள்? அதற்கு ஒரு வாக்கியம் வேண்டும். உங்கள் பள்ளிக்கூடம் மற்றதுபோல இருக்கும் என்று நினைத்தேன். அதாவது? அதாவது உங்களை ஏமாற்ற நினைத்தேன். அப்படிப்பட்ட தகப்பனுடைய பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடம் எடுக்கும்? சொல்லாமல் விட்டால்? சொல்லாமல் விட்டால் உள்ளே இருப்பது படிப்பு இல்லாத, பேச்சும் இல்லாத, முனகல் மட்டும் உள்ள ஒரு குழந்தை. நான் உண்டாக்கிய குழந்தை. அந்தக் குழந்தைக்கு இங்கே இடம் இல்லை. வீட்டுக்குப் போவோம், அவள் கழிவுத் தாளுக்கும் டூ விட்டபடி சோறு தின்பாள். எழுந்து கதவு வரை போனேன். கையைத் தூக்கினேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். சுளை விரலில் நசுங்கி, சாறு மணிக்கட்டு வரை ஒழுகியிருந்தது. ம்ம்ம்ம் என்கிறது கதவு. இந்தச் சத்தத்துக்காக நான் எத்தனை இடத்தில் வெட்கப்பட்டிருக்கிறேன். கோகிலாவின் தங்கை கல்யாணத்தில் தாலி கட்டும்போது கெட்டிமேளம் முழங்க, இவள் முனக ஆரம்பித்தாள். நான் ஏதோ போன் வந்தவன்போல மண்டபத்துக்கு வெளியே போய், செருப்புகளுக்கு நடுவில் நின்று, வராத போனில் ஆமாம் ஆமாம் என்று பேசிக்கொண்டிருந்தேன். படிப்பதென்றால் மட்டும் முன்னால் போய் நிற்பேன். பத்தாவது பெயிலானவன், கழிவுத் தாளையும் ஒரு பழைய அகராதியையும் வைத்துக்கொண்டு நானாக இங்கிலீஷ் கற்றவன், அந்தப் படிப்பு ஆசைதான் அவளிடம் போயிருக்கிறது என்று எனக்குள் ஒரு எண்ணம். ஆயுத பூஜைக்குப் பிரஸ்ஸுக்குக் குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். போர்மேன் செல்லமுத்தண்ணன், “ரங்கு, உன்ற புள்ள தலகீழாப் படிக்குமாமே, காட்டு” என்றார். காட்டினேன். பொரிப் பொட்டலத்தில் இருந்ததைக்கூடத் தலைகீழாகப் படித்தாள். “யாரு புள்ள!” என்றார்கள். யார் பிள்ளை, என் பிள்ளை. அப்போது எவனோ வேடிக்கைக்கு மெஷினை ஓட்டிவிட்டான். குக்கருக்கே துடிக்கிற குழந்தை, செத்தோம் என்று நினைத்தேன். அவள் நேராக மெஷினிடம் போனாள். அதன் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தாள். மெஷின் எந்தச் சுதியில் ஓடியதோ அதே சுதியில் முனகினாள், கண்ணை மூடிக்கொண்டு, நான் அதுவரை பார்த்தே இராத ஒரு நிம்மதியோடு. “மெஷினுக்குத் தங்கச்சி பொறந்திருக்குதுடோய்” என்று ஒருவன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் நான் போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன், “அவங்கம்மா வழியில இப்படித்தாண்ணா” என்றேன். கோகிலா பொரியைக் கொறித்தபடி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு தரம் கேட்டாள், “படிச்சா உங்க புள்ள, மொனகுனா எம் புள்ளயாங்க?” அதற்கும் தலையைத்தான் ஆட்டினேன் என்று நினைக்கிறேன். எந்தப் பக்கமாக ஆட்டினேன்? விடியற்காலையில் நான் வீட்டுக்கு வந்து பாயில் விழும்போது காதுக்குள் ஓடுகிற மெஷினை நானே வாயால் முனகிக்கொண்டுதான் தூங்குவேனாம். கோகிலா சொல்லியிருக்கிறாள். பிறந்ததிலிருந்து குழந்தை என் பக்கத்தில்தான் படுத்திருக்கிறது.

கதவைத் தட்டினேன். தட்டியது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. “வாங்க” என்றார் இந்தப் பள்ளிக்கூடத்தை நடத்துகிற ஜெசிந்தா மேடம். தரையில் உட்கார்ந்திருந்தார், கொஞ்சம் வயசானவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். முதலில் அறைதான் விசித்திரமாகப்பட்டது. அலமாரியில் இருந்த புத்தகங்கள் எல்லாம் முதுகைக் காட்டாமல் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. எழுத்து அட்டைகள் எல்லாம் பாயில் குப்புறக் கிடந்தன. நடுவில் தன்ஷிகா, முனகிக்கொண்டு, வலது கைச் சுண்டு விரலை விறைப்பாக நீட்டியபடி. “வந்ததுலேர்ந்து அந்த விரலை மடக்கவே இல்ல. எழுத்து இருக்கிற பொருளாப் பாத்துப் பாத்துத் திருப்பி வச்சிட்டா. என் தண்ணி பாட்டில் லேபிளைக்கூட விடல” என்றார் மேடம். “யாரோட டூ?” “எழுத்தோடங்க.” “யார் விடச் சொன்னது?” ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலில் ஒன்றும் இல்லை. “நான்தானுங்க. அவளுக்குப் படிக்கத் தெரியுமுங்க மேடம். நல்லாத் தெரியும். தெரிஞ்சா எடுக்க மாட்டீங்கன்னு...” மேடம் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். “எத்தனை எடத்துல இப்படிச் செஞ்சீங்க?” “படிப்ப மறைச்சது இங்கதான் முதல். மத்தத மறைச்சது பல எடத்துலங்க.” “உங்ககிட்ட அப்புறம் பேசிக்கிறேன். முதல்ல அந்த விரல மடக்க வைங்க, வலிக்கும்.” முட்டி போட்டு மகளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் சேர்த்து நீட்டினேன். “அம்முணி, பழம்.” முனகல் நின்றது. அவள் என் முகத்தைப் பார்க்க மாட்டாள், விரல்களைத்தான் பார்த்தாள். “டூ விட்டது எழுத்தோடு. அப்பா எப்படிப் பழம் விட முடியும்?” “டூ விடச் சொன்னது அப்பாதான. தப்பு அப்பாவோடது. எழுத்து ஒண்ணும் செய்யல.” “எழுத்து என்றால் அப்பாவுக்கு வெட்கமா?” “இல்ல கண்ணு.” “எனில், எதற்கு வெட்கம்?” மேடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் காத்திருந்தாள். பாதிப் பதிலை வாங்கிக்கொண்டு போகிற குழந்தை இல்லை அவள், முழுசாக வரும்வரை நிற்பாள். எதற்கு? உன்னைப் பற்றித்தான் என்று இந்த வாயால் சொல்ல முடியுமா? உன்னைப் பற்றி இல்லை என்று சொன்னால் அது இன்றைய இரண்டாவது பொய். “அப்பாவுக்கு அப்பாவப் பத்தித்தான் வெக்கம்” என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மைபோலக் கேட்டது. கொஞ்ச நேரம் அதை உள்ளே வைத்துப் பார்த்தாள். பிறகு இடது கையால் சுண்டு விரலைப் பிடித்து, துருப்பிடித்த தாழ்ப்பாளை இறக்குவதுபோல மெல்ல மடக்கினாள். தன் இரண்டு விரலால் என் விரலைத் தொட்டாள். தொட்ட விரலை மூக்கில் வைத்து முகர்ந்தாள். “ஆரஞ்சு. கயிறு நீக்கப்பட்டுவிட்டதா?” “இன்னும் முடியல அம்முணி.” “நீக்கவும்.” மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். “நீங்க வெளிய இருங்க. கதவு தெறந்தே இருக்கட்டும்” என்றார்.

பெஞ்சுக்கு வந்தேன். இடம் உண்டு என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, அப்புறம் பேசிக்கிறேன் என்றார், அந்த அப்புறம் எப்படிப்பட்ட அப்புறம்? கோகிலாவுக்கு என்னவென்று சொல்வது? உள்ளே சத்தமில்லை. புத்தகம் எடுப்பாள், அட்டையைத் திருப்புவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றுமில்லை. ஒருவேளை எழுத்து அவளுக்குப் பழம் விடவில்லையோ? அப்போது அவள் குரல் கேட்டது, செய்தி வாசிக்கிற நிதானத்தில். “கொங்குச் செல்வி மளிகை. பழம். இங்கு பஞ்சர் ஒட்டப்படும். பழம். சுவரில் விளம்பரம் செய்யாதீர். பழம்.” என்ன படிக்கிறாள்? எந்தப் புத்தகத்தில் பஞ்சர் ஒட்டுகிறார்கள்? “மாடி வீடு வாடகைக்கு, சைவம் மட்டும். பழம். பூப்புனித நன்னீராட்டு விழாவிற்கு வருகை தரும் அனைவரையும் வருக வருக என வரவேற்கிறோம். பழம்.” பிறகுதான் புரிந்தது. எங்கள் பஸ் ஸ்டாப். ஏறின இடத்தில் எதிரே இருக்கிற மளிகைக் கடை, அதற்குப் பக்கத்தில் டயர்க் கடை, அதற்குப் பக்கத்தில் அந்தச் சுவர். ஜன்னல் வழியாக டூ விட்ட ஒவ்வொன்றுக்கும், விட்ட வரிசையிலேயே, ஒவ்வொன்றாகப் பழம் விட்டுக்கொண்டு வருகிறாள். ஒன்றைக்கூடப் படிக்காமல் விடவில்லை. எல்லாவற்றையும் வாயை மூடிக்கொண்டு இவ்வளவு தூரம் சுமந்து வந்திருக்கிறாள். அதே பஸ்ஸில் அதே சீட்டில் அவள் பக்கத்தில்தான் நானும் வந்தேன், ஒரு பலகையும் என் கண்ணில் படவில்லை. மேடம் குறுக்கே பேசவில்லை. பஸ் இன்னும் எங்கள் தெருமுனையைத் தாண்டவில்லை, பாலம் வர வேண்டும், மார்க்கெட் வர வேண்டும், அங்கே இறங்கி அடுத்த பஸ் ஏற வேண்டும், அவள் இந்தப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து சேர இன்னும் வெகு நேரம் ஆகும். நசுங்கின சுளையை நான் வாயில் போட்டுக்கொண்டேன், நாரோடு. கையை வேட்டியில் துடைத்தேன். டிபன் பாக்ஸ் மூடியிலிருந்து இன்னொரு சுளையை எடுத்து, நகத்தால் ஒரு நாரின் நுனியைக் கிளப்பி, அறுந்துவிடாமல் மெல்ல இழுக்க ஆரம்பித்தேன்.